ஒரு பல் தள்ளி

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செய்த வேலை சரியா என்று தெரிந்துகொள்ள, வண்டியை ஊட்டி ரோட்டில் எடுத்துப்போய்க் கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரம் ஏற்றிப் பார்த்தால் போதும். ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சத்தில். குன்னூர் 1,700 மீட்டருக்கும் மேலே. நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் தெரியாமல் கிடக்கும் எந்தக் கோளாறும் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அங்கேதான் நான் தொழில் பழகினேன். உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு லாரிகள் போய்வரும் சாலையோரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை. மேஸ்திரி அம்பாசடரிலும் பத்மினியிலும் கை தேர்ந்தவர். மாருதி 800 ஊரில் பெருகியதும் அதையும் உட்கார்ந்து படித்தார். சர்வீஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதி ஒன்றை, ஆயில் கறை படாமல் பாலிதீன் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருப்பார். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் பெல்ட் வேலை என்றால் அதை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு வண்டியில் வரும் இக்னிஷன் கோளாறை எங்கே தேட வேண்டும் என்பதை அவரிடம் கற்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளைப் பார்த்தாயிற்று. இன்றைக்கும் அந்த வேலை என் முன்னால் வந்து நின்றால், முதலில் நினைவுக்கு வருவது குன்னூர் வாத்தியாருடைய வெள்ளை மாருதிதான்.

அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கார்புரேட்டர் வைத்த 800. வருஷக்கணக்கில் கோயமுத்தூருக்கும் குன்னூருக்கும் அலைந்த வண்டி. கோவையில் ஒரு பட்டறையில் பெல்ட் மாற்றியிருக்கிறார். அன்று மாலை வீடு திரும்பும்போதே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. பர்லியாறு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுக்காமல் முதல் கியருக்கு இறக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் அதே பட்டறைக்குப் போனார். ப்ளக் மாற்றினார்கள். பிறகு காயில், பிறகு பாயிண்ட், கண்டன்சர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது கிட் போட்டார்கள். கடைசியில், "மேலே போகப் போகக் காத்து கம்மியாகுது சார், சின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் வாத்தியார் சொல்லி முடிக்கும் வரை மேஸ்திரி குறுக்கே பேசவில்லை.

"ஏனுங் சார், பெல்ட் மாத்தறதுக்கு முந்துன வாரம் இதே ரோட்டுல ஏறுனீங்களா?"

"ஏறினேனே. ரெண்டாவது கியர்ல சிரமமில்லாமப் போச்சு."

"அப்போ இருந்த காத்துதானுங்க இப்பவும் இருக்குது."

அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவது உண்மை. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவை போய்விடும். ஆனால் அந்த நஷ்டம் பெல்ட் மாற்றுவதற்கு முன்பும் இருந்தது. நேற்று வரை இல்லாமல் இன்று வந்த கோளாறுக்கு, நேற்றும் இருந்த ஒன்றைக் காரணமாகச் சொல்லக்கூடாது. கடைசியாகக் கை வைத்த இடம் எது என்று கேட்டுவிட்டு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பானெட்டைத் திறந்ததும் மேஸ்திரி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போனார். பட்டறைப் பேச்சில் அது டெல்கோ. 800-இன் எஞ்சினில் அது ஹெட்டின் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட்தான் அதைச் சுழற்றுகிறது. பெல்ட் இருப்பது மறுமுனையில். டெல்கோவின் அடியில் நீள்வட்டத் துளை உள்ள ஒரு காது இருக்கும். அதன் வழியாக ஒரு போல்ட். அந்தப் போல்ட்டை இளக்கி டெல்கோவைத் திருப்பினால் ஸ்பார்க் முன்னே அல்லது பின்னே போகும்.

மேஸ்திரி கந்தலால் அந்த இடத்தைத் துடைக்க வேண்டாம் என்று என்னைத் தடுத்தார். டார்ச்சை அடித்து, "இங்க பாரு சாமி" என்றார்.

போல்ட் துளையின் ஒரு கோடியில், ஏறக்குறைய முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காதின் நடுப்பகுதியில், சுற்றிலும் கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே, வட்டமாக ஒரு சுத்தமான தடம். வாஷர் பல வருஷம் உட்கார்ந்திருந்த இடம். அலுமினியம் அங்கே மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. இப்போது வாஷர் அந்தத் தடத்தை விட்டு விலகி, பிசுக்கின் மேலேயே இறுக்கப்பட்டிருந்தது.

"இத்தனை வருஷமா நடுவுல இருந்தது. பெல்ட் மாத்துனதும் எதுக்கு ஓரத்துக்குப் போவணும்?"

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. டைமிங் லைட்டை எடுத்து வரச் சொன்னார்.

டைமிங் லைட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதன் கவ்வியை முதல் சிலிண்டரின் ப்ளக் வயரில் மாட்ட வேண்டும். அந்த வயரில் ஸ்பார்க் போகும் ஒவ்வொரு முறையும் விளக்கு ஒரு கணம் பளீரென்று மின்னி அணையும். அதைக் கிராங்க் புல்லியின் மேல் பிடித்தால், சுழன்றுகொண்டிருக்கும் புல்லி நின்றுவிட்டது போலத் தெரியும். புல்லியில் ஒரு வெட்டு, பக்கத்து மூடியில் டிகிரி கோடுகள். வெட்டு எந்தக் கோட்டுக்கு நேரே நிற்கிறதோ, அங்கேதான் ஸ்பார்க் விழுகிறது. ஸ்லோ ஸ்பீடில் நிமிஷத்துக்கு 900 சுற்று என்றால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க், ஆக நொடிக்கு ஏழெட்டு முறை மின்னும்.

சாக்பீஸால் வெட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்னே தள்ளும் வாக்கும் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, லைட்டைப் பிடித்தேன். வெள்ளைக் கோடு அசையாமல் சரியான இடத்தில் நின்றது. கொஞ்சம் ரேஸ் பண்ணினால், ஸ்பார்க் முன்னே போக வேண்டிய அளவுக்கு முன்னே போயிற்று. இக்னிஷன் டைமிங் கச்சிதம்.

"சரியாத்தான் இருக்குதுங்ணா" என்றேன்.

"ஆமா. அதுதான் கோளாறு" என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னதன் பொருள் புரிய வேண்டுமானால் எஞ்சினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ப்ளக்கில் பொறி தெறித்ததும் பெட்ரோல் கலவை ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் வேண்டும். மில்லி செகண்ட் கணக்குதான், ஆனால் 3,000 சுற்றில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்பே பொறி விழ வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் நேரத்தில் அழுத்தம் அதன் தலையில் முழுசாக இறங்கும். பிந்தினால் இழுவை போகும், சைலன்சர் பக்கம் சூடு ஏறும். முந்தினால் ஏற்றத்தில் 'கிணி கிணி' என்று நாக்கிங் கேட்கும்.

பொறி விழும் நேரம் ஒரு கணக்கு. வால்வு திறந்து மூடும் நேரம் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஆட்டுவது ஒரே கேம் ஷாஃப்ட். அதைக் கிராங்கோடு பிணைப்பது பல் வைத்த பெல்ட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேம் புல்லியில் நாற்பது பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி. கிராங்க் கணக்கில் 18 டிகிரி. பெல்ட் மாற்றும்போது ஒரு பல் பிந்திவிட்டால் வால்வுகள் 18 டிகிரி பிந்தும். அதே கேமோடு சுற்றும் டெல்கோவும் பிந்துவதால் ஸ்பார்க்கும் அதே 18 டிகிரி பிந்தும். உச்சிக்குப் பத்து டிகிரி முன்னால் விழ வேண்டிய பொறி, உச்சி தாண்டி எட்டு டிகிரியில் விழும். வண்டி ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும்.

முதல் பட்டறைக்காரர் அதைக் கண்டிருக்கிறார். ஸ்பார்க் லேட்டாக இருக்கிறது என்று சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். உடனே கைக்கு எட்டிய டெல்கோவை இளக்கித் திருப்பி ஸ்பார்க்கை இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். டெல்கோ திரும்பியதால் ஸ்பார்க் சரியாயிற்று. வால்வுகள் அந்த ஒரு பல் பிந்தியபடியே நின்றன. இன்டேக் வால்வு லேட்டாக மூடும்போது, பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கலவை வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போய்விடும். குறைந்த சுற்றில்தான் இது அதிகம். அதனால்தான் சமவெளியில் ஓடிய வண்டி, ஏற்றத்தில் பாரத்தோடு மெதுவாகச் சுற்றும்போது மூச்சு வாங்கியது.

ஸ்பார்க் சரியாக இருந்து, அதற்காக டெல்கோ தன் பழைய இடத்தை விட்டு வெகுதூரம் போகவேண்டி வந்தது என்றால், டெல்கோவைச் சுழற்றும் கேம்தான் இடம் மாறியிருக்க வேண்டும். மேஸ்திரி வாஷர் தடத்தைப் பார்த்த கணத்திலேயே இதை முடிவு செய்துவிட்டார். டைமிங் லைட் அதை உறுதி செய்யத்தான். ஆனாலும் சந்தேகத்தின் பேரில் அவர் பெல்ட் மூடியைக் கழற்றவில்லை. முதலில் மூன்று ப்ளக்குகளையும் எடுத்துவிட்டுக் கம்ப்ரெஷன் கேஜை வைத்தார். மூன்று சிலிண்டரும் ஒரே அளவு காட்டின, மூன்றுமே குறைவு. ஒரு வால்வு கருகியிருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கும். ரிங் தேய்ந்திருந்தால் ஆளுக்கொரு அளவு காட்டும், ப்ளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தால் அளவு ஏறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று மூன்றும் ஒன்றுபோலக் குறைந்தால், மூன்றுக்கும் பொதுவான கேமைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு என்னை முதல் சிலிண்டரின் ப்ளக் துளையில் விரலை வைக்கச் சொன்னார். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் மூடி, பிஸ்டன் மேலே வருகிறது என்று அர்த்தம். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் திருப்பி, புல்லியின் வெட்டை சைபர் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். அந்தக் குறியையும் அப்படியே நம்பவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றைத் துளை வழியாகப் பிஸ்டனின் தலை மேல் நிறுத்தி, அது ஏறி நின்று இறங்குவதைப் பார்த்து உச்சியை உறுதி செய்தார். நடுவில் ரப்பர் வைத்த புல்லி உள்ள வண்டிகளில் வெளி வளையம் நழுவி, குறியே பொய் சொல்லும் என்பதைப் பிற்பாடு நானே கண்டிருக்கிறேன்.

இப்போதுதான் பெல்ட் மூடியைக் கழற்றினோம். கிராங்க் பக்கம் குறி நேர். மேலே கேம் புல்லியின் குறி, பின்தகட்டில் இருக்கும் வெட்டுக்கு வர வேண்டிய இடத்தில் ஒரு பல் பின்தங்கி நின்றது. வாத்தியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அந்த இடைவெளி அவருடைய சுண்டுவிரல் நகத்தளவு கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதானுங்க சார்."

இந்த ஒரு பல் எப்படிப் போகிறது? கவனமான ஆள் கையிலும் போகும். பழைய பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் கேம் லேசாகப் பிசகி நிற்கும். அதைக் கையால் குறிக்குக் கொண்டுவந்து பெல்ட்டை மாட்டும்போது, இழுக்கிற பக்கம், அதாவது டென்ஷனர் இல்லாத பக்கம், கொஞ்சம் தொய்வாக இருந்துவிடும். பார்க்கும்போது குறிகள் நேராகத்தான் தெரியும். டென்ஷனரை இறுக்கி மூடியைப் போட்டுவிடுகிறோம். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுத்துக்கொள்கிறது. அதுவரை கேம் நகர்வதில்லை. ஒரு பல் பிந்திவிடுகிறது.

இதைத் தடுக்க மேஸ்திரி செய்ததை ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டென்ஷனரை இளக்கிப் பெல்ட்டை எடுத்தார். இரண்டு குறிகளையும் நேர்செய்தார். பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, இழுக்கிற பக்கத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே கேமுக்குக் கொண்டுபோனார். தொய்வு முழுதும் டென்ஷனர் பக்கம் சேர்ந்தது. டென்ஷனரை ஸ்பிரிங்கின் இழுப்புக்கு விட்டார், இறுக்கவில்லை. பிறகு கிராங்கை ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்பினார். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் கேமும் கிராங்கும் மறுபடி ஒரே நிலைக்கு வரும். குறிகள் மீண்டும் நேராக நின்றன. அதன் பிறகே டென்ஷனர் போல்ட்டை இறுக்கினார். எங்காவது பிஸ்டன் வால்வில் முட்டுவதாக இருந்தால்கூடக் கையால் திருப்பும்போதே தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் திருப்பினால் வால்வு வளைந்த பிறகுதான் தெரியும்.

மூடியைப் போடும் முன் டெல்கோவின் போல்ட்டை இளக்கி, வாஷரைப் பழைய வெள்ளைத் தடத்தின் மேலேயே உட்கார வைத்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து லைட்டைப் பிடித்தால், சாக்பீஸ் கோடு டைமிங் குறியிலிருந்து ஒரு மயிரிழைதான் தள்ளி நின்றது. புதுப் பாயிண்ட் போட்டதால் வந்த வித்தியாசம் அது. லேசாகத் தட்டியதும் சரியாயிற்று.

வாத்தியாரை ஓட்டச் சொல்லி, மேஸ்திரி முன்சீட்டிலும் நான் பின்சீட்டிலும் உட்கார்ந்து போனோம். கல்லாறு தாண்டி முதல் ஏற்றம். வாத்தியாரின் கை, வளைவு வருவதற்கு முன்பே கியர் லீவரைத் தேடிப் போனது. "இறக்காதீங்க சார், ரெண்டுலயே விடுங்க" என்றார் மேஸ்திரி. வண்டி வளைவைச் சுற்றி ஏறியது. அடுத்த வளைவும். நேரான பகுதியில் மூன்றாவது கியரையும் வாங்கிக்கொண்டது. அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு மாசமாகத் தன் வண்டி கிழமாகிவிட்டது என்று நம்பவைக்கப்பட்டிருந்த மனிதர் அவர்.

திறமையுள்ள மெக்கானிக்குகளே ஏன் இதில் விழுகிறார்கள் என்று பிறகு பல நாள் யோசித்தேன். காரணம் அவர்கள் பழகிய எஞ்சின்களில் இருக்கிறது. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் கேம் பிளாக்குக்குள் இருக்கும். செயின் அதைச் சுற்றும். எஞ்சினை மொத்தமாகப் பிரித்து வேலை பார்த்தாலொழிய அந்தச் செயினைத் தொடும் வேலையே வராது. ஆக, வால்வு டைமிங் என்பது நிலையானது, ஸ்பார்க் டைமிங் மட்டும்தான் மாறக்கூடியது என்று கை பழகிவிட்டது. காதை வைத்துக் கேட்டு, டெல்கோவைத் திருப்பி, "இப்போ சரி" என்று நிறுத்துவது அந்தத் தலைமுறையின் பெரிய வித்தை. பல் பெல்ட் வைத்த கார் 1962-இலேயே ஜெர்மனியில் கிளாஸ் 1004 என்ற பெயரில் வந்துவிட்டது. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் அது பழகியது 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான். பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஆக, அசையாதது என்று நம்பியிருந்த அந்த வால்வு டைமிங்கை ஒவ்வொரு முறையும் நாமே அவிழ்த்து நாமே கட்டுகிறோம். எஞ்சின் மாறிவிட்டது; டெல்கோவைத் தேடிப் போகும் கை மாறவில்லை.

நேர்மாறான கோளாறும் உண்டு. எனக்கென்று பட்டறை வைத்த பிறகு ஒரு ஆம்னி வந்தது. அதே எஞ்சின்தான், முன்சீட்டுக்கு அடியில். பெல்ட் மாற்றியதிலிருந்து கார்புரேட்டர் வழியாக டப்பென்று அடிக்கிறது என்றார்கள். குறிகளைப் பார்த்தேன், பெல்ட்டில் குறையே இல்லை. விசாரித்ததில், கையோடு கையாக ஆயில் ஒழுக்கை நிறுத்த டெல்கோவையும் கழற்றியிருந்தார்கள். திரும்பச் சொருகும்போது அதன் பற்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டிக்கொண்டது. வாஷர் தடம் அங்கேயும் காட்டிக்கொடுத்தது. இன்னொரு வண்டியில் இரண்டுமே சரி. ப்ளக் வயர்கள்தான் மாறியிருந்தன. மூன்று சிலிண்டர் எஞ்சினில் பொறி விழும் வரிசை 1-3-2. அவசரத்தில் 1-2-3 என்று மாட்டிவிட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் நியாயமாக வேலை செய்யும்.

அந்த உறிஞ்சலை அளக்கும் வாக்கும் கேஜ் ஒன்றை வாங்கிய பிறகு இந்தத் தேடல் இன்னும் எளிதாயிற்று. நல்ல எஞ்சின் ஸ்லோ ஸ்பீடில் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் பாதரச அளவில் 17-இலிருந்து 21 அங்குலம் வரை காட்டும், ஊசி ஆடாது. 1,000 அடி உயரத்துக்கு ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் மட்டும் பிந்தியிருந்தால் ஊசி கொஞ்சம் இறங்கி நிற்கும்; டெல்கோவைத் திருப்பினால் ஏறிவிடும். வால்வு டைமிங் பிந்தியிருந்தால் வெகுவாக இறங்கி, அசையாமல் நிற்கும். டெல்கோவை எவ்வளவு திருப்பினாலும் நல்ல அளவுக்கு வராது. பெல்ட் மூடியைக் கழற்றாமலே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

பெட்ரோல் இஞ்செக்ஷன் வந்தபின் டெல்கோ மெல்ல மறைந்தது. 800-இன் உற்பத்தியே 2014 தொடக்கத்தில் நின்றுவிட்டது. இன்றைய எஞ்சின்களில் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதைக் கிராங்க் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. திருப்புவதற்குப் போல்ட் கிடையாது. ஆனால் ஒரு பல் தள்ளிப்போவது நிற்கவில்லை. கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டால் பி0016 என்ற கோடைப் போட்டு எஞ்சின் விளக்கை எரியவிடும். இப்போதைய பையன்கள் பலர் அந்தக் கோடைப் பார்த்ததும் கேம் சென்சாரை மாற்றுகிறார்கள். கோடை அழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு நாளில் விளக்கு திரும்ப எரிகிறது. அன்றைக்கு டெல்கோ கைக்கு எட்டியது, இன்றைக்கு சென்சார் எட்டுகிறது. அப்படி என்னிடம் வந்த ஒரு வண்டியில், கிராங்க் போல்ட் போதுமான அளவு இறுக்கப்படாமல், அடிப் புல்லியின் சாவி தேய்ந்து, புல்லியே கிராங்கின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. உண்மை சொன்ன சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

மேஸ்திரியிடம் நான் கற்றதை இப்படித்தான் சொல்ல முடியும்: திருப்பிச் சரிசெய்ய வசதியான இடம் வேறு, தவறு நடந்த இடம் வேறு. முதலாவதைத் திருப்பி இரண்டாவதை மறைத்துவிட்டால், அளவுகோல் சரியென்று சொல்லும், வண்டி இல்லையென்று சொல்லும். வண்டியின் பேச்சைத்தான் நம்ப வேண்டும். வாத்தியாருக்கு ஆன செலவைப் பாருங்கள். ப்ளக், காயில், பாயிண்ட், கண்டன்சர், கார்புரேட்டர் கிட் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தார். அவற்றில் ஒன்றுகூடக் கெட்டுப்போயிருக்கவில்லை. மேஸ்திரி வாங்கியது பெல்ட்டைத் திரும்ப மாட்டிய கூலி மட்டும்.

தொழில் பழகும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெல்ட்டைத் தொடும் முன் பழைய பெல்ட்டிலும் இரண்டு புல்லிகளிலும் பெயின்டால் குறி போடுங்கள். டெல்கோ உள்ள வண்டியானால் அதன் காதிலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கழற்றும் முன் எந்த இடத்தையும் துடைத்துவிடாதீர்கள். அந்தப் பிசுக்கில்தான் வண்டியின் பழைய நிலை எழுதியிருக்கிறது. மூடியைப் போடும் முன் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளைத் திரும்பப் பாருங்கள். நாலைந்து நிமிஷ வேலை. பெல்ட் மாற்றிய வண்டியில் இக்னிஷனை அளவுக்கு மீறித் திருப்ப வேண்டி வந்தால், அங்கேயே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பெல்ட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். பெல்ட் மாற்றக் கொடுத்தால், எஞ்சினைக் கையால் சுற்றிக் குறி பார்த்தீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு இழுவை குறைந்தால் ஒரு உதிரிபாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். முதலில் பெல்ட் மூடியைக் கழற்றி, குறிகளை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள்.